பாகற்காய்ப் படையல்

ஓடைமரத்துப்பட்டியில் செத்தவர்கள் நிஜமாகவே வந்து சாப்பிட ஆரம்பித்தது தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானத்தில். அதுவரைக்கும் எல்லா ஊரையும் போலத்தான் அந்த ஊரும். வருசத்துக்கு ஒரு தடவை தலைவாழை இலை போட்டு, செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் சமைத்து, வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கொரு கை எடுத்து இலையில் வைத்து, சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு வாசலில் வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று தட்டுத் தட்டிக் கதவைத் திறப்பார்கள். வைத்தது வைத்தபடி இருக்கும், பிள்ளைகள் அதைப் பங்கு போட்டுத் தின்னும், அத்தோடு முடிந்தது படையல்.

அந்த வருசம் ரேசன் கடை பரமன் வீட்டில் கதவைத் திறந்தால் இலை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கருவாட்டுக் குழம்பு இல்லை, முட்டை இல்லை, பக்கத்தில் வைத்த பீடிக்கட்டில் இரண்டைக் காணோம். பூனை என்றார்கள். பூனை முள்ளையெல்லாம் இலை ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைக்குமா, குடித்த பீடியைச் சுவரில் தேய்த்து அணைக்குமா? பரமனுடைய அய்யா அப்படித்தான் செய்வார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "கெழவருக்குக் கருவாடுன்னா உசுராச்சே, ஒருதரம் சட்டியோட தூக்கிட்டு ஓடினாரே, நெனப்பிருக்கா?" என்று கேட்டதற்கு, கிழவரின் பெண்டாட்டி வெறுமனே விழித்தாள். அவளுக்குக் கிழவர் நினைவிருந்தார், சட்டியோடு ஓடியது நினைவில்லை. அவித்த முட்டையோடு சேர்ந்து அவருடைய சிரிப்பும் போயிருந்தது.

இப்படித்தான் ஊருக்குக் கணக்குப் புரிந்தது. எந்தப் பண்டத்தை வைக்கிறோமோ, அந்தப் பண்டத்தோடு ஒட்டிய நினைப்பு முழுக்க, வைத்த கையை விட்டுப் போய்விடும். வைக்காதவர்களுக்குப் போகாது. நேரங்காலமும் கிடையாது, ஒருத்தரை நினைத்துக் கையால் எடுத்து வைத்த பண்டமும் சாத்திய கதவும் இருந்தால் போதும், வந்துவிடுவார்கள்.

வேறு ஊராக இருந்தால் பயந்து நாலு திசைக்கும் ஓடியிருக்கும். ஓடைமரத்துப்பட்டி அலுத்துப்போன ஊர். இரண்டு வருசக் காய்ச்சலிலும், நாலுவழிச்சாலை போட்ட பிறகு அடிபட்டுச் செத்ததிலும், வீட்டுக்கு ஒரு படமாவது மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன சனம், அய்யோ சாமி, இப்படி ஒரு வழியா என்று கையெடுத்துக் கும்பிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் தெருத்தெருவாகக் கதவுகள் சாத்திக் கிடந்தன. வாழை இலை வரத்து போதாமல் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வண்டியில் வந்தது. வெளியே வந்த பெண்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தலைச்சுமையை இறக்கி வைத்தவர்களைப் போலக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்து இது யாரு என்று கேட்டுவிட்டுக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்கள். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு வரிசையில் நின்றவர்கள், யாருக்கு வாரிசு என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கிராம அலுவலர் ஒரு ஏற்பாடு செய்தார், மாதத்தின் முதல் தேதியில் சாவுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து ஊரிலுள்ள தன் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். யாராவது வந்து கேட்டுவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒருத்தி மட்டும் இலை போடவில்லை. அவள் சீனியம்மாள்.

சீனியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறவள். அங்கே தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவள் புருசன் வேல்ச்சாமி லோடு ஆட்டோ ஓட்டினான். கலியாணமாகி ஏழு வருசம் கழித்துப் பிறந்த ஒரே மகள் கார்த்தீஸ்வரி, ஒன்பது வயதில், பதினொரு நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பன்னிரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டாள். அந்தப் பதினொரு நாளும் சீனியம்மாள் பொட்டுத் தூங்கவில்லை, அதற்குப் பிறகும் தூங்கினாள் என்று சொல்ல முடியாது.

"கன்னியாப் போன புள்ளைத்தா. பாவாடை, வளையல், சீப்பு எல்லாம் பெட்டியில வச்சுப் படைக்கணும். படைக்காம விட்டா வீடு வீடாப் பசியோட அலையும்" என்று பக்கத்து வீட்டு ஜக்கம்மா சொன்னாள். இருவரும் ஒரே ஆபீசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள்.

"படைச்சா எனக்கு மறந்துருமேக்கா."

"மறந்தா நல்லதுதானத்தா. உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா?"

"பாத்தேன். எம்புள்ளையை மறந்துட்டு இந்த மூஞ்சியை வச்சு நான் என்ன செய்யப் போறேன்?" என்றாள் சீனியம்மாள்.

ஆனால் பசி நிஜம். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் சீனியம்மாள் வீட்டு அலமாரியில் பிள்ளை சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டு தானாக உரசும், வெறுந்தட்டை விரலால் வழித்து வழித்து நக்குகிற சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் சீனியம்மாள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். பெற்ற பிள்ளை பசிக்கிறது என்று நிற்கும்போது சோறு போடாமல் உட்கார்ந்திருக்கிற கொடுமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. வந்துவிட்டது, என்ன செய்ய?

தன் வீட்டில் கிடைக்காத பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போகத்தானே செய்யும். முதலில் பள்ளிக்கூடத்தில் கார்த்தீஸ்வரியோடு படித்த பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் மணி அடிப்பதற்குள் காலியாயின. அந்தப் பிள்ளைகளும் டப்பாவில் சோறு வைத்துக் கொடுத்த தாய்மார்களும் கார்த்தீஸ்வரி என்று ஒருத்தி இருந்ததையே மறந்தார்கள். கூடச் சாப்பிட்டவளை நினைத்துக்கொண்டே மூடிய டப்பா, அதற்கும் படையல் கணக்குத்தான் போலிருக்கிறது. டீச்சரம்மாவின் எலுமிச்சைச் சோறு போனது, டீச்சரம்மா மறந்தார். பள்ளி வேன் ஓட்டுகிற தங்கப்பழம் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த பன்ரொட்டி போனது, தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து வாயடிக்கிற பிள்ளையை அவனும் மறந்தான். ஜக்கம்மா ஒருநாள், "உன் மக எங்க வீட்டுத் தயிரைத் தொட்டுட்டுப் போயிருக்குத்தா, பாவமா இருக்கு, ஒரு இலையைப் போட்டுரு" என்று கெஞ்சினாள். நாலு நாள் கழித்து, தயிர்ச்சட்டி முழுக்கக் காலியான பிறகு, பெட்டி அடைத்துக்கொண்டே சீனியம்மாள், "கார்த்தி நேத்தும் வந்தாளாக்கா?" என்று கேட்டபோது, கையை நிறுத்தாமல், "யாரு கார்த்தி?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவள் அவள்.

வேல்ச்சாமி கேட்டுப் பார்த்தான், சண்டை போட்டுப் பார்த்தான். "எனக்கு முடியலை சீனி. வண்டியைத் திருப்பும்போதெல்லாம் பின்னால உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. எத்தனை நாளைக்கு நான் திரும்பித் திரும்பிப் பாக்கிறது?"

"பாருங்க. வேற என்ன வேலை நமக்கு?"

"பசியோட அலைய விடுறது மட்டும் நியாயமா?"

அழுதாள், அவனும் அழுதான், பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்தபோது வேல்ச்சாமி வாசலில் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டு ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு வருசமாக அந்த வீட்டில் யாரும் சீட்டியடித்ததில்லை. "ஏ சீனி, கொடியில சின்னப் பாவாடை ஒண்ணு காயுதே, யாருது? காத்துல பறந்து வந்துருச்சா?" என்று கேட்டான். மடித்து வைத்தால் புழுதி வாடை வந்துவிடுமென்று மாதம் ஒருமுறை அவள் துவைத்துப் போடுகிற பாவாடை அது. உள்ளே ஓடிப் பார்த்தால் துடைத்த இலை. ஓட்டல் பரோட்டா வாங்கின காகிதம், மிக்சர் பொட்டலம், ஐஸ்கிரீம் டப்பா, அப்பன் மகளுக்கு வாங்கிக் கொடுக்கிற அத்தனையும்.

"பாவி, அது உங்க மக பாவாடை!"

"நமக்கேது மக?" என்று சிரித்தவன், அவள் கையோடு எடுத்து வந்த இலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். ஊர் வழக்கம் தெரிந்தவன்தானே. கண்ணாடி துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "நான் வச்சுட்டேனா?" என்று கேட்டான்.

"வச்சுட்டீக."

"பொம்பளப் புள்ளையா?" என்றான். அவள் கொடிப் பக்கம் திரும்பினாள். "பேரு என்ன?"

"சொல்ல மாட்டேன். இனி உங்களுக்கு எதுக்கு அது?" என்று சொல்லிவிட்டு சீனியம்மாள் போய்ப் பாவாடையை எடுத்து மடித்தாள்.

அன்றோடு உலகத்தில் கார்த்தீஸ்வரியை நினைத்திருக்கிற ஆள் ஒருத்திதான் என்று ஆனது. பிள்ளைக்கும் வேறு போக்கிடம் இல்லாமல் போனது. தட்டு உரசியது போய், மத்தியானத்தில் குரலே கேட்க ஆரம்பித்தது. "அம்மா, பசிக்குதும்மா." ஆபீசில் இருந்தால் காதுக்குள் கேட்டது. "அம்மா, வயிறு வலிக்குதும்மா." சீனியம்மாள் பெட்டிகளை அடைத்தாள், அடைத்துக்கொண்டே யோசித்தாள். தீக்குச்சியை எண்ணாமலே கை ஐம்பது குச்சியை அள்ளும், அந்த வேலைக்கு மூளை வேண்டாம், மூளை முழுக்கப் பிள்ளையிடமே இருந்தது.

அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பாகற்காய்க்காரி தெருவில் கூவிக்கொண்டு போனாள். சீனியம்மாளுக்குப் பொறி தட்டியது. இந்த ஊர்ச்சனம் எவ்வளவு பெரிய கூமுட்டைகள்! செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பதுதான் வழக்கம் என்று பிடித்ததையே அள்ளி அள்ளி வைத்தார்கள், பிடித்ததோடு ஒட்டியிருந்த நல்ல நினைப்பெல்லாம் போனது. பிடிக்காததை வைத்தால்? எதை வைக்கிறோமோ அதுதானே போகும்? கார்த்திக்குப் பாகற்காய் ஆகாது. அதைத் தின்ன வைக்க அவளை அடித்திருக்கிறாள், அந்த அடி இன்னும் இவள் கையிலேயே எரிகிறது. காய்ச்சலுக்கு வாயைப் பிடித்து ஊற்றிய நிலவேம்புக் கசாயம், பப்பாளி இலைச் சாறு, ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்பில்லாத கஞ்சி, கடைசி நாள் கடிக்க மாட்டாமல் கையில் வைத்திருந்த ரொட்டித் துண்டு. இதையெல்லாம் போட்டால் பிள்ளைக்கு வயிறும் நிறையும், இவளுக்கு அந்தப் பதினொரு நாளும் போகும், மகள் மிச்சமிருப்பாள். பசிக்கிற பிள்ளை எதையும் தின்னும்.

மறு வெள்ளி லீவு சொல்லிவிட்டு எல்லாவற்றையும் செய்தாள். கசாயத்தைக் காய்ச்சி வடிகட்டி, பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்து, பாகற்காயை எண்ணெயில்லாமல் வதக்கி, கஞ்சியை உப்பில்லாமல் ஆற்றி, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, ஒவ்வொன்றையும் தன் கையாலேயே இலையில் வைத்தாள். படத்துக்குச் சூடம் காட்டி, "கோவிச்சுக்கிடாதத்தா, அம்மாவுக்கு வேற வழி தெரியலை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. குடித்துவிட்டு ஓங்கரிக்கிறது, ஓங்கரித்துவிட்டு மறுபடி குடிக்கிறது. "கசக்குதும்மா" என்று குரல் வந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை, மெல்லுகிற சத்தமும் அழுகிற சத்தமும் சேர்ந்தே கேட்டன. சீனியம்மாள் கதவுப் பிடியில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து தானும் ஓங்கரித்தாள். கடைசியில் சத்தம் அடங்கியது. எழுந்து மூன்று தட்டுத் தட்டித் திறந்தாள்.

வீட்டுக்குள் இலை ஒன்று காலியாகக் கிடந்தது. எதற்கு இலை போட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. சுருட்டி வெளியே போட்டாள். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் கார்த்தியின் படம், படத்தில் மாலை. சீனியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தக் கட்டையில போறவ இந்த வேலையைப் பாத்தது? உசுரோட இருக்கிற புள்ள படத்துக்கு மாலையைப் போட்டு வச்சிருக்காளே!" என்று கத்திக்கொண்டு மாலையைப் பிய்த்து, வாசலுக்கு வந்து கூரைக்கு மேல் வீசினாள். மணி மூன்றரை. நாலேகாலுக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். பிள்ளை பசியோடு வருமே என்று அவசரமாக அடுப்பைப் பற்றவைத்துக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டாள், தட்டில் ஏழெட்டை எடுத்து மூடி வைத்தாள், கோழி நுழைந்துவிடாமல் கதவைச் சாத்தினாள், வேன் நிற்கிற வேப்பமரத்துக்குப் போனாள்.

பதினொரு நாளும் பன்னிரண்டாவது விடியலும் அவளிடமிருந்து சுத்தமாகப் போய்விட்டன. மகள் செத்தது என்ற ஒரு விசயம் தவிர, மகளைப் பற்றி எல்லாம் அவளிடம் இருந்தது.

வேன் வந்தது, பிள்ளைகள் இறங்கின, கார்த்தி இறங்கவில்லை. "யாருக்கு நிக்கிறீக?" என்று தங்கப்பழம் கேட்டான்.

"என் மகளுக்குத்தான். நாலாங்கிளாசு."

அவனுக்கு அப்படியொரு பிள்ளை நினைவில்லை. ஆனால் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விசயம், தனக்கு நினைவில்லை என்பதால் ஆள் இல்லையென்று ஆகிவிடாது. "நாளைக்கு வரும்மா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். சீனியம்மாள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள், தட்டு காலியாக இருந்தது. "பாத்தியா, குறுக்கு வழியில வந்து தின்னுட்டு விளையாடப் போயிட்டா" என்று சிரித்துக்கொண்டாள். ராத்திரி பாயில் பிள்ளை இல்லையே, அதை யோசிக்க மாட்டாளா என்று நீங்கள் கேட்பீர்கள். அத்தை வீட்டில் படுத்திருப்பாள், சித்தி கூட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று மனசுக்கு வேண்டியதை மனசே சொல்லிக்கொள்ளும், அதற்கு யாரும் கற்றுத் தர வேண்டாம்.

வேல்ச்சாமி எல்லாவற்றையும் பார்த்தான். செத்துப்போனது என்று சொன்னவளும் இவள்தான், பள்ளிக்கூடம் போயிருக்கிறது என்று சொல்கிறவளும் இவள்தான், அவனுக்கென்று இரண்டில் ஒன்றும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று ஒருநாள் வாயைத் திறந்தான். அவள் மாவு பிசைந்துகொண்டே பாடிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுக்கப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

அடுத்த மாதம் முதல் தேதி, கடைக்குப் போகிற வழியில், கிராம அலுவலர் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "வே. கார்த்தீஸ்வரி, வயது ஒன்பது, காய்ச்சல்." சீனியம்மாள் நின்றாள். "அடியாத்தே, என் மக பேரு, என் மக வயசு. யாரு பெத்த புள்ளையோ" என்று கண்ணில் தண்ணீர் விட்டாள். அந்தத் தாய் இதை எப்படித் தாங்கிக்கொண்டு இருப்பாளோ என்று நாள் முழுக்க நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

தினமும் ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்து மூன்றரைக்கு அடுப்பு மூட்டினாள். மகளுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள், தட்டில் தன் கையால் எடுத்து வைத்தாள், கதவைச் சாத்தினாள், மரத்தடியில் போய் நின்றாள். வேறு யாரும் அந்த ஊரில் இத்தனை வகை செய்து, இத்தனை ஆசையாகப் படைத்ததில்லை. பணியாரத்தோடு மாரியம்மன் பொங்கலில் தொலைந்து கிடைத்த மகள் போனாள். உளுந்தங்களியோடு முதல் பல் விழுந்த நாள் போனது. சீனிச்சேவோடு மழையில் நனைந்து வந்த மகள் போனாள், அவல் பாயசத்தோடு அவள் பிறந்த வியாழக்கிழமை போனது, தேங்காய்ப்பாலோடு அவள் பேசிய முதல் வார்த்தை போனது. ஒவ்வொன்றாகப் போவது சீனியம்மாளுக்குத் தெரியவில்லை. பிள்ளை இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறது, தட்டில் ஒரு பொட்டு மிச்சம் வைப்பதில்லை என்பது மட்டும் தெரிந்தது, அதில் அவளுக்கு ஏகப்பட்ட திருப்தி.

பங்குனி மாதக் கடைசியில் ஒருநாள் வெறும் பால்சோறு பிசைந்து வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனாள். வேன் வந்தது, பிள்ளைகள் இறங்கிச் சத்தம் போட்டுக்கொண்டு போயின, வேன் திரும்பியது. வெயில் இறங்கி, மரத்தின் நிழல் சாலையைத் தாண்டுகிற வரைக்கும் அவள் நின்றாள். வீட்டுக்கு வந்தாள், கதவைத் திறந்தாள், தட்டு காலியாக இருந்தது, எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மூன்றரைக்கு அடுப்பு எரியவில்லை. ஆனால் நாலு மணியானால் கால் மட்டும் அவளைக் கூட்டிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தபோது வேல்ச்சாமி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"எங்க போயிட்டு வார சீனி?"

"மரத்தடிக்கு."

"யாரைப் பாக்க?"

அவள் படியில் உட்கார்ந்தாள். யோசித்தாள், புருவத்தை நெரித்து நெரித்து யோசித்தாள். தெருவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன, அதில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் பிடிபடவில்லை.

"தெரியலைங்க" என்றாள். "ரொம்ப நேரம் நின்னுட்டேன் போலருக்கு. காலு ரெண்டும் கடுக்குது."

வேல்ச்சாமி அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டான். பிடித்துவிட்டுக்கொண்டே அழுதான்.

"நீங்க ஏங்க அழுறீக?" என்று கேட்டாள்.

"எனக்கும் தெரியலை" என்றான்.